பாத்து வை

எட்டேகால் மணிக்கு எங்கள் வீட்டில் போன் அடித்தால் யாரென்று எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. என் மச்சினன் ஜோதிலிங்கம்தான். திருச்சுழி ரோட்டில் இருக்கும் தன் ஷெட்டைப் பூட்டிவிட்டு, பஸ் பிடித்து அருப்புக்கோட்டைக்கு வந்து, தன் அறையில் சட்டையைக் கழற்றும்போது அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். உடனே அக்காவைக் கூப்பிடுவான்.

"அக்கா, சிலிண்டர மூடுனேனா?"

ஷெட் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. என் பெண்டாட்டி சௌடேஸ்வரி அங்கே ஒரு தடவைகூடப் போனதில்லை. ஆனாலும் தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம்கூட யோசிக்காமல் சொல்வாள்.

"மூடிட்டடா. சாப்ட்டுப் படு."

அவனும் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவான். பதினான்கு வருஷமாக இது நடக்கிறது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன், "ஏன்டி, கூட நின்னு பாத்த மாதிரி சொல்றியே, மூடாம வந்திருந்தா என்ன செய்வ?" என்று. "அவனா? அவன் மூடாம வர மாட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த தோசையை ஊற்றினாள்.

ஜோதிலிங்கம் ஓவியன். பெயின்ட் டப்பாவோடு மல்லுக்கு நிற்கிறவன் இல்லை, தீயால் வரைகிறவன். காடாத் துணியைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவான். தீ படக்கூடாத இடங்களில் கண்மாய்க் களிமண்ணைக் குழைத்துப் பூசுவான். பிறகு கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து, துணிக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, காட்டியும் காட்டாமலும் ஓட்டிக்கொண்டே போவான். மண் காய்ந்து உதிர்ந்த பிறகு பார்த்தால் வெள்ளை, மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று துணி திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கும். உருவம் என்று ஒன்றும் இருக்காது. மனுஷன், மாடு, மரம் எதுவும் கிடையாது. "என்ன மாப்ள இது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா, தீ போன வழி" என்பான். பேரும் வைக்க மாட்டான். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர்தான்.

நான் விசைத்தறிக்காரன். துணியில் சொட்டு எண்ணெய் பட்டாலே கடையில் கழித்துக் கட்டிவிடுவார்கள். இவன் நல்ல துணியை வாங்கிப் பாழாக்குகிறான், அதைப் பார்க்க மெட்ராஸில் இருந்து கார் போட்டு ஆள் வருகிறது. எனக்கு எரிச்சலாக இருக்காதா? இருந்தது. பல வருஷம் இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தீயை வைத்துப் பிழைக்கிற இவனைப் போலத் தீக்குப் பயப்படுகிற ஆளை நான் பார்த்ததே இல்லை. ஷெட் வாசலில் மணல் வாளி நான்கு, உள்ளே ஈரச்சாக்கு எட்டு, தீயை அணைக்கிற சிவப்பு சிலிண்டர் இரண்டு. பெட்ரோல் பங்கில்கூட இவ்வளவு ஏற்பாடு கிடையாது. அந்தக் கருவேலங்காட்டில் கரிமூட்டம் போடுகிறவர்கள் மூட்டத்துக்குப் பக்கத்திலேயே துண்டை விரித்துத் தூங்குகிறார்கள். இவன் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திவிட்டுக் கண்ணைச் சிமிட்ட மாட்டான். பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனால், "மண்டபத்துக்கு எத்தன வாசலு?" என்று கேட்டான். பெண்ணின் அப்பா என்னைத் தனியாக அழைத்து, "பையனுக்கு ஏதும் கோளாறா?" என்றார். அதோடு பெண் பார்க்கும் படலம் முடிந்தது. இப்போது நாற்பத்து மூன்று வயது.

அவன் பயத்துக்குக் காரணம் எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு ஒன்பது வயது, சௌடேஸ்வரிக்குப் பதினான்கு. என் மாமனார் வீட்டில் ஒரே ஒரு கைத்தறி. ஒரு மத்தியானம் அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் தறிக்கடியில் கிடந்த நூல் கழிவில் தீப்பிடித்து, தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் பாதி, நெய்த துணி பாதி எரிந்துபோயிற்று. துணியை இழுத்து அணைத்தவள் சௌடேஸ்வரி. அவளுடைய வலது முழங்கையில் இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. காரணம் மாமனாரின் பீடி. அணைக்காமல் போட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று அவரே சொன்னார். அன்றோடு பீடியை விட்டார். நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்லும் ஜவுளிக் கடைக்காரர் அதன் பிறகு அவருக்குப் பாவு கொடுக்கவில்லை. "தீ வச்ச கை" என்று ஊரில் ஒரு பேரும் ஒட்டிக்கொண்டது. மில்லுக்குக் கூலி வேலைக்குப் போனார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சாகிறபோதும், "எம் பீடியாலதான் புள்ளைக குடும்பம் சீரழிஞ்சுச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜோதிலிங்கம் பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார் வேலையை விட்டான். விட்ட அன்றே பயத்தில் காய்ச்சல் வந்து மூன்று நாள் கிடந்தான். எழுந்தவன் ஒரு பெரிய துணியைக் கட்டினான். பன்னிரண்டு அடி நீளம். இதில் டார்ச்சைக் கொஞ்சமாகத்தான் தொட்டான், மற்றதெல்லாம் ஊதுபத்தி. ஒரு இழையின் நுனியில் ஊதுபத்திக் கங்கு பட்டால் அது மெல்ல ஊர்ந்து போகும், ஒன்றிலிருந்து பக்கத்து இழைக்குத் தாவும். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே ஈரத் தூரிகையால் தொட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் துணியே போய்விடும். மூன்று துணி அப்படித்தான் போயிற்று. நான்காவது துணி ஏழு மாதத்தில் நின்றது. அதில் ஒன்பது ஓட்டைகள், சின்னதிலிருந்து பெரிதாக, சாய்வாக ஏறிப்போகும் கறுத்த விளிம்புள்ள ஓட்டைகள். அவன் துணியில் ஓட்டை விட்டது அதுதான் முதல் தடவை.

மெட்ராஸில் கேலரி வைத்திருக்கும் பிரவீணா என்ற அம்மா ஷெட்டுக்கே வந்து அதைப் பார்த்தது. ஒவ்வொரு ஓட்டையாகக் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தத் துணி வந்தாதான் சார் ஷோ. பெரிய சுவரு இதுக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிற்று. வேலையையும் விட்டாயிற்று, வயதும் போய்க்கொண்டிருக்கிறது. அவனுக்கு அந்தத் துணிதான் எல்லாம் என்று எனக்கே விளங்கியது.

ஐப்பசி மழை வரப்போகிறது என்று டிவியில் சொன்னார்கள். ஷெட் கூரையில் ஒழுகும். சுவரை அளந்து பார்க்க அவன் மெட்ராஸ் போக வேண்டியிருந்தது. அதனால் ஒரு திங்கட்கிழமை காலையில் துணியைச் சட்டத்திலிருந்து கழற்றி, பழைய வேட்டிக்குள் வைத்துச் சுருட்டி, கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். கட்டில் மேல் வைத்தான். ஜன்னலைப் பார்த்தான். ஸ்விட்ச் போர்டைப் பார்த்தான். எலி வருமா என்று கேட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"அக்கா, இதப் பாத்து வைக்கா. வெள்ளிக்கிழம வந்து எடுத்துக்கிறேன்."

"சரிடா, போய்ட்டு வா."

எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. தறியிலிருந்து இறங்கிய துணியில் இழை அறுந்திருக்கும், ஓட்டை விழுந்திருக்கும். கடைக்காரர் அதை ஊசி வேலை தெரிந்த பெண்களிடம் கொடுத்து, "பாத்து வைங்க" என்பார். எங்கே பழுது என்று தேடிப் பார்த்து, இழை இழையாகக் கோர்த்து, ஓட்டை இருந்த சுவடே இல்லாமல் ஆக்கி வை என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்குள் பேசுவது கன்னடம். நான்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். ஆனால் கன்னடப் பேச்சுக்கு நடுவிலும் இந்த இரண்டு வார்த்தை மட்டும் தமிழாகவே நிற்கும். சௌடேஸ்வரி பார்த்து வைத்த துணியில் பழுது இருந்த இடத்தை நெய்தவனாலேயே கண்டுபிடிக்க முடியாது. ஜோதிலிங்கத்துக்குத் தறிப் பேச்சு விட்டுப்போய் இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. பத்திரமாக வை என்ற நினைப்பில் சொல்லிவிட்டுப் போனான். நானும் அங்கேதான் நின்றேன், என் காதிலும் விழுந்தது. எனக்கும் உறைக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கத் தறியில் மோட்டார் தகராறு. நான் கொல்லைப்பக்கமே கிடந்தேன். சௌடேஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசி கோர்த்துக்கொண்டிருப்பதைப் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். அவள் எப்போதும் அப்படித்தான் இருப்பாள், கடைத்துணி என்று நினைத்தேன். ஆனால் புதன்கிழமை கூப்பிட்டால் பதில் வரவில்லை. சாப்பிடவும் எழவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கை கழுவிவிட்டு உள்ளே வந்தபோது அவள் மடியில் கிடந்த துணியைப் பார்த்தேன். பழுப்பும் கறுப்புமாகத் திட்டுகள் தெரிந்தன. பிடுங்கி விரித்தேன். ஓட்டைகளைத் தேடினேன். இரண்டுதான் இருந்தன. மற்ற ஏழு இடத்தில் இளவெள்ளையாகப் புது நூல், ஊடும் பாவுமாக, நெய்தாற்போல இருந்தது. சரி, பிரித்துவிடலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. கருகிய விளிம்பில் ஊசி நிற்காது என்று கத்தரியால் சுற்றிலும் நறுக்கியிருந்தாள். கறுத்த துணுக்குகள் ஒரு தட்டில் கிடந்தன.

"அடிப்பாவி! இது பழுதில்லடி. அவன் வேணும்னே போட்ட ஓட்ட. ஏழு மாசம் இதுக்குத்தான் உசுர விட்டான்!"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மொத மூணும் தெரியாமத்தான் கோத்தேன். கங்கு விழுந்து ஓட்டையாகிருச்சு, சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுப் பாத்து வைன்னுட்டுப் போறான்னு நெனச்சேன். நாலாவதுலயே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா மேக்கொண்டு கோத்த?"

அவள் தட்டில் கிடந்த துணுக்குகளை விரலால் ஒதுக்கினாள். என் பெண்டாட்டி எதிர்த்துப் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

எட்டேகாலுக்குப் போன் அடித்தது. மெட்ராஸ் பஸ் ஸ்டாண்டில் இருந்து பேசினான். சிலிண்டரைக் கேட்கவில்லை.

"அக்கா, துணி நல்லாருக்கா?"

"நல்லாருக்குடா. சூதானமா வா."

அவனைப் பற்றி எனக்குத் தெரியும். டம்ளர் கீழே விழுந்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவன். இதைப் பார்த்தால் என்ன ஆவான்? எங்காவது போய் எதையாவது செய்துகொண்டால்? ஷெட்டில் எல்லாமே இருக்கிறது. அந்த எண்ணம் வந்ததும் எழுந்து உட்கார்ந்தேன், விடிகிறவரை படுக்கவில்லை. அவள் கண்ணைத் திறந்துகொண்டு பக்கத்தில் படுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்தான். துணியை மெட்ராஸ் கொண்டுபோக வாடகை வேன்காரர் சங்கர் மூன்று மணிக்கு வருகிறார் என்றான். முகம் கழுவாமல் நேராகக் கட்டிலுக்குப் போனான். நான் அவனுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஓடினால் பிடிக்கலாம் என்று நினைத்திருப்பேன்.

சௌடேஸ்வரி பழையபடி சுருட்டி வைத்திருந்த வேட்டியைப் பிரித்தான். துணியை விரித்தான். ஒரு ஓட்டை இருந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினான். அடுத்ததைத் தடவினான். ஏழையும் தடவினான். பிறகு எழுந்து எங்கள் அடுப்படிக்குப் போய், மூடியிருந்த கேஸ் சிலிண்டரை இன்னொரு தடவை திருகி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"மாப்ள, அவ தெரியாம..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் சௌடேஸ்வரி. அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "இது அந்தத் துணிதானடா? அப்பா தறியில எரிஞ்சது."

அவன் துணியையே தடவிக்கொண்டிருந்தான்.

"ஒம்பது ஓட்ட. ஓரத்துல சின்னதா ஆரம்பிச்சு மேல ஏறிப் போகும். தீய அணச்சப்பொறம் அத விரிச்சு எண்ணுனவ நான். பாத்து வச்சுரலாம்ப்பான்னு ஊசிய எடுத்துட்டு ஒக்காந்தேன். 'விடும்மா, இத எவராலயும் பாத்து வைக்க முடியாது'ன்னு அப்பா வாங்கி வச்சுட்டாக. கடைக்காரரு வந்து சுருட்டிட்டுப் போய்ட்டாரு. நீ கதவுக்குப் பின்னால நின்ன."

"ஆமா" என்றான்.

"பீடியில பிடிச்சா தீ கீழருந்துல்ல ஏறும்? அது துணி ஓரத்துல, ஒரு இழையில ஆரம்பிச்சிருக்கு."

"நூல் நுனியில தீக்குச்சிய வச்சா செவப்பா ஊர்ந்து போகும்க்கா. அதப் பாக்கத்தான் வச்சேன். எச்சியத் தொட்டு அணச்சேன். அணஞ்சுருச்சுன்னு நெனச்சு வெளையாடப் போய்ட்டேன். அணஞ்சுச்சான்னு திரும்பிப் பாக்கல. பாக்காமப் போய்ட்டேன்க்கா."

முப்பத்து நான்கு வருஷம். நான் அவனைக் கேலி செய்த ஒவ்வொரு நாளும் என் கண்முன் வந்து நின்றது. மண்டபத்து வாசல், மணல் வாளி, எட்டேகால் போன் எல்லாம்தான். எனக்கு அவமானமாக இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள் சௌடேஸ்வரி. "அன்னைக்கு ஒன் டவுசரத் தொவச்சது யாரு? பைக்குள்ள தீப்பெட்டி இருந்துச்சு. எடுத்துக் கெணத்துல போட்டேன்."

ஜோதிலிங்கம் இப்போதுதான் அவளைப் பார்த்தான்.

"தெரிஞ்சும் ஏன்க்கா அப்பாட்டச் சொல்லல? தன் பீடின்னு நெனச்சே செத்துப்போனாரே."

"நீ ஏன்டா சொல்லல?"

அவன் அழுதான். அவளும் அழுதாள், ஆனால் அவனைத் தேற்றவில்லை, தொடவும் இல்லை. அக்கா தம்பி இருவரும் சேர்ந்துதான் அந்த மனுஷனைச் சாகிறவரை குற்றவாளியாக வைத்திருந்தார்கள் என்பது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. இவன் பயத்தில் வாயைத் திறக்கவில்லை, அவள் இவன் மேல் இருந்த பாசத்தில் திறக்கவில்லை. யார் மேல் கோபப்படுவது? என் மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாரே, அதுதான் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

இரண்டரை மணிக்கு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊசியை எடுத்தாள். "இன்னும் ரெண்டு இருக்கு. அதையும் பாத்து வைக்கவா? வேணாம்னா சொல்லிரு."

அவன் துணியைப் பார்த்தான். "வேணாம்க்கா. ரெண்டு கெடக்கட்டும். ரெண்டு பேருந்தான சொல்லல."

சங்கரின் வேன் வந்தது. துணியைச் சுருட்டி ஏற்றினான். அதை மெட்ராஸில் வாங்கிக்கொள்வார்களா, தூக்கி எறிவார்களா என்று யாருக்கும் தெரியாது. அந்த அம்மா பார்த்தது ஒன்பது ஓட்டை, போவது இரண்டு. போன் பண்ணி முன்கூட்டியே சொல்லிவிடு என்றேன். "கூடப் போறேன் மாமா, நேர்லயே சொல்லிக்கிறேன்" என்று வேனில் ஏறிக்கொண்டான். ஷோ போய்விட்டால் இவனுக்கு அடுத்தது என்ன? பள்ளிக்கூடத்தில் வேறு வாத்தியாரைப் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை அவனிடமிருந்து போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டேகால் ஆயிற்று, எட்டரை ஆயிற்று, போன் இல்லை. சௌடேஸ்வரி போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். சார்ஜ் இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். நான் கூப்பிட்டேன், ஸ்விட்ச் ஆப். மாமியார் வீட்டுச் சாமி படத்துக்கு வேண்டிக்கொண்டு நானே காசு முடிந்துவைத்தேன். எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கு அடித்தது. கல்லில் தோசையை ஊற்றிவிட்டு ஓடி வந்து எடுத்தவள், அவன் வாயைத் திறக்கும் முன்னாலேயே சொன்னாள்.

"மூடிட்டடா. எல்லாம் மூடிட்ட."

"அதில்லக்கா." ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "துணிய மாட்டிட்டாக. அந்தம்மா நல்லாருக்குன்னும் சொல்லல, நல்லா இல்லன்னும் சொல்லல. ரெண்டு நாளாப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்குத்தான் பெரிய சுவத்துலயே மாட்டச் சொல்லுச்சு. கீழ பேரு எழுதணுமாம். நம்பர் ஒத்துக்க மாட்டேங்குறாக. அதான் ஒன்னக் கேக்கலாம்னு."

"என்ன பேருடா?"

"அப்பா மேல தப்பில்லன்னு போடவாக்கா?" என்றான்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். தழும்புக் கையால் வாயைப் பொத்தினாள். நான் போனை வாங்கிக்கொள்ளலாமா என்று கையை நீட்டினேன், கொடுக்கவில்லை.

"போடு" என்றாள். "பெரிய எழுத்தாப் போடச் சொல்லு."

கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது. நான்தான் போய் அடுப்பை மூடினேன்.